கடைமடைக்குப் போக வேண்டிய ரத்தம்

வாசகர் கேள்விகளுக்கு அறுவை மருத்துவரின் பதில்கள்

மார்பக அழகுச் சிகிச்சைகளைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதத் தொடங்கியதிலிருந்து வரும் கடிதங்களில், வடு தெரியுமா, பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியுமா, அலுவலகத்தில் எத்தனை நாள் விடுப்புச் சொல்ல வேண்டும் என்ற கேள்விகளே மிகுதி. அவற்றுக்கு நடுவே கஞ்சாவைப் பற்றியும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களில் அநேகமாக எவரும் பெயர் எழுதுவதில்லை. அத்தகைய கடிதங்களில் ஐந்தை எடுத்து, இந்த இதழை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். ஊர்ப்பெயரைத் தவிர மற்ற அடையாளங்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: எனக்கு 36 வயது. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தபின் தளர்ந்துபோன மார்பகங்களைத் தூக்கி அமைத்து, மார்பகத்துக்குள் சிறிய சிலிகோன் இம்பிளான்டும் வைத்துக்கொண்டேன். இன்று ஐந்தாவது நாள். மூன்று வருடங்களாக, இரவில் உறக்கத்துக்காக ஒரு கஞ்சா சுருட்டைப் புகைப்பது என் வழக்கம். இங்கே அது கடையில் கிடைக்கிறது. அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் "புகைப்பீர்களா?" என்று கேட்டார்கள். சிகரெட்டைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து "இல்லை" என்று சொல்லிவிட்டேன். மல்லாந்தே படுக்க வேண்டியிருப்பதால் உறக்கம் பிடிக்காமல், கடைசி இரண்டு இரவுகளும் பாதிப் பாதியாகப் புகைத்தேன். இன்று காலையிலிருந்து இடப்பக்க முலைக்காம்பும் அதைச் சுற்றிய வட்டமும் நீலம் பாய்ந்ததுபோல் இருக்கின்றன. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது. "இது மூலிகைதானே, வைத்தியர்களே எழுதிக் கொடுக்கிறார்களே" என்கிறார் கணவர். நான் பயப்பட வேண்டுமா?
— வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: இந்தக் கடிதம் வந்த அன்றே, இதழ் அச்சாகும்வரை காத்திராமல், "அறுவை செய்தவரை இப்போதே தொலைபேசியில் அழையுங்கள், புகைத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்" என்று இரண்டு வரியில் பதில் அனுப்பிவிட்டேன். கீழே இருப்பது அந்த இரண்டு வரிகளுக்கான விளக்கம். இதே நிலையில் இருக்கும் வேறு எவரும், விளக்கத்தைப் படித்து முடித்துவிட்டு அழைக்கலாம் என்று இருக்க வேண்டாம். அழைத்துவிட்டு வந்து படியுங்கள்.

தளர்ந்த மார்பகத்தைத் தூக்கி அமைக்கும்போது முலைக்காம்பை நாங்கள் அறுத்தெடுத்து வேறிடத்தில் ஒட்டுவதில்லை. அதைச் சுற்றியுள்ள தோலை வெட்டிவிட்டு, அடியில் இருக்கும் திசுவில் ஒரு பட்டையை மட்டும் விட்டுவைத்து, அந்தப் பட்டையோடு சேர்த்து மேலே நகர்த்தித் தைக்கிறோம். முன்பு நாலா பக்கத்திலிருந்தும் தோல் வழியாகவும் வந்துகொண்டிருந்த ரத்தம், அறுவைக்குப் பின் முதல் சில வாரங்களுக்கு அந்த ஒற்றைப் பட்டை வழியாக மட்டுமே வந்தாக வேண்டும். உங்களுக்கு இம்பிளான்டும் வைத்திருப்பதால், உள்ளிருந்து அது கொடுக்கும் அழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. காவிரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும், வழியில் ஒரு மதகு அடைத்துக்கொண்டால் முதலில் காய்வது நாகப்பட்டினத்துப் பக்கத்துக் கடைமடை வயல்தான். தலைமடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அறுவைக்குப் பிந்தைய முலைக்காம்பு அப்படிப்பட்ட கடைமடை. உடம்பின் மற்ற இடங்கள் உணராத சின்னக் குறைவையும் அது உணர்ந்துவிடும்.

அந்தக் குறைவைப் புகை எப்படி உண்டாக்குகிறது? எதைக் கொளுத்திப் புகைத்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே போகிறது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்வதால், ரத்தம் ஓடிக்கொண்டிருந்தாலும் அது சுமந்துசெல்லும் ஆக்சிஜன் குறைகிறது. சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் இந்த வாயுவின் அளவு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். கஞ்சாவில் நிகோடின் இல்லை என்பது உண்மைதான்; ஆனால் வடிகட்டி இல்லாமல், ஆழ இழுத்து, மூச்சை நெஞ்சில் நிறுத்திவைத்துப் புகைப்பது அதன் வழக்கம். 1988-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், புகையிலைச் சிகரெட்டோடு ஒப்பிடும்போது கஞ்சா புகைத்தவர்களின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதலாக ஏறியதாகவும், உள்ளே சென்ற தார் மூன்று மடங்காக இருந்ததாகவும் கண்டார்கள். "நான் சிகரெட் தொடுவதேயில்லை, இது மட்டும்தான்" என்று ஆறுதல் கொள்பவர்களுக்கு இந்தக் கணக்கை நான் சொல்லாமல் விடுவதில்லை.

ஆக்சிமீட்டர் 98 காட்டுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிவைத்த அந்தச் சிறு கருவி, ஹீமோகுளோபினின் நிறத்தை ஒளியால் பார்த்துக் கணக்கிடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் செக்கச்சிவந்தே இருப்பதால், இரண்டையும் பிரித்தறிய அதனால் முடியாது. ஆக்சிஜன் என்று எண்ணிச் சேர்த்துக் கூட்டிவிடும். ஆகவே அந்த 98-ஐ வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். தவிர, விரல் நுனியில் எடுக்கும் அளவு அங்கே உள்ள நிலையைச் சொல்லுமே அன்றி, தையலுக்கு அப்பால் இருக்கும் தோலின் நிலையைச் சொல்லாது.

தொலைபேசியில் விவரம் சொல்வதற்காக ஒன்றை நீங்களே பார்க்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் நின்று, நீலம் தெரியும் இடத்தை விரல் நுனியால் மெல்ல அழுத்தி விடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, ஏறக்குறைய இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். கண் இமைப்பதற்குள் கருநீலமாகத் திரும்பினால், உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கி நிற்கிறது என்று பொருள். வெளிறி, தொட்டால் குளிர்ந்து, நிறம் திரும்பவே தயங்கினால், ரத்தம் உள்ளே வருவதே குறைந்திருக்கிறது. மார்பகத்தின் பக்கவாட்டிலோ அடியிலோ தெரியும் ஊதாவும் மஞ்சளும் கலந்த கன்றல் வேறு; அழுத்தினாலும் அது மாறாது, நாளாக நாளாகத் தானே வடியும். எதுவானாலும் முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். நீங்கள் சொல்ல வேண்டியது நீங்கள் கண்டதை மட்டும்.

தோலை விட்டுவிட்டாலும் இன்னொரு ஆபத்து இருக்கிறது. கஞ்சாவின் போதைக்குக் காரணமான டிஎச்சி, புகைத்த சில நிமிடங்களில் இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூட்டிவிடும். அதோடு புகையால் இருமல் வரும். அடங்கியிருந்த ஒரு சிறு ரத்தக்குழாய் இருமலின் அழுத்தத்தில் மீண்டும் திறந்துகொண்டால், மார்பகத்துக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்தில் வீங்கி, இறுகி, மாத்திரைக்கு அடங்காத வலி எடுத்தால் அது இரவு இரண்டு மணியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை. இம்பிளான்டைச் சுற்றிக் கட்டிய ரத்தத்தை அப்படியே விட்டால், பிற்காலத்தில் இம்பிளான்டைச் சுற்றிய உறை கெட்டிப்பட்டு மார்பகம் கல்லாகும் வாய்ப்பும் கூடுகிறது. நடையில் மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் ஆகியவற்றுக்கும் இதே விதி.

கணவரின் வாதத்துக்கு வருகிறேன். புகையிலையும் இலைதான். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறது என்பதால், அதை வாங்குவதில் குற்றமில்லை. திசுவுக்கு அந்தச் சட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது. மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பதும் உண்மை. புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தி, குழந்தைகளுக்கு வரும் சில அரிய வகை வலிப்பு நோய்கள், நரம்பு நோயால் வரும் தசை இறுக்கம் போன்றவற்றுக்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த, அல்லது அதன் சத்தைப் போல ஆய்வகத்தில் செய்த மருந்துகள் உள்ளன. அவை பெரும்பாலும் அளவு குறித்த எண்ணெயாகவோ மாத்திரையாகவோ வாயில் அடிக்கும் தெளிப்பானாகவோ தரப்படுபவை. தையல் போட்ட காயம் ஆறுவதற்காக எவரும் புகையை எழுதிக் கொடுப்பதில்லை.

"புகைப்பீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்றதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். அந்தக் கேள்வியில் பாதிக் குறை எங்களுடையது. மயக்க மருந்து கொடுக்கப்போகும் ஒவ்வொருவரிடமும் கஞ்சாவைப் பற்றித் தனியாக, எந்த வடிவில், எவ்வளவு, கடைசியாக எப்போது என்று கேட்க வேண்டும் என அமெரிக்காவின் மயக்கவியல் வலி மருத்துவச் சங்கம் ஒன்று 2023 ஜனவரியில் வழிகாட்டுதலே வெளியிட்டது. புகைத்து இரண்டு மணி நேரமாவது ஆகாமல் திட்டமிட்ட அறுவையைத் தொடங்க வேண்டாம், மாரடைப்பு அபாயம் உண்டு என்பதும் அதில் இருக்கிறது. அச்சடித்த படிவத்தில் "புகைபிடித்தல்: ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தால், நம்மில் பெரும்பாலோர் சிகரெட்டைத்தான் நினைப்போம்.

இனி உறக்கம். மூன்று வருட வழக்கத்தைச் சட்டென்று நிறுத்தினால் எரிச்சல், பசியின்மை, உறக்கமின்மை, விசித்திரமான கனவுகள் ஆகியவை ஓரிரு நாளில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தணியும். அறுவைக்குப் பின் உறங்க முடியவில்லை என்பவர்களில் பலருக்கு உண்மையில் நடப்பது இதுதான். வலி என்று எண்ணி வலிமாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மருத்துவரிடம் சொன்னால் இதற்கென்று உதவி செய்ய முடியும். வீட்டில் செய்யக்கூடியது: படுக்கையில் தட்டையாகப் படுக்காமல், சாய்வு சோபாவிலோ தலையணைகளை அடுக்கியோ அரைச் சாய்வில் படுத்து, இரண்டு முழங்கைகளுக்கு அடியிலும் ஒவ்வொரு தலையணை வையுங்கள். கைகள் தொங்காமல் இருந்தாலே மார்பின் இழுவை பாதி குறைந்துவிடும். உங்களுக்கு எழுதிக் கொடுத்த பாராசிட்டமாலை வலி வந்தபின் தேடாமல், படுப்பதற்கு அரை மணி முன்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மீண்டும் எப்போது புகைக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்க நினைத்திருப்பீர்கள். புகையிலைக்கு நாங்கள் சொல்வது அறுவைக்கு நான்கு வாரம் முன்பும் நான்கு வாரம் பின்பும் கூடாது என்பது. ஆறு வாரம் கேட்பவர்களும் உண்டு. புகையிலைக்கு இருக்கும் அளவுக்குக் கஞ்சாவைப் பற்றி ஆய்வுகள் இல்லை என்றாலும், புகை புகைதான் என்பதால் அதே காலக்கணக்கையே நான் வைக்கிறேன். மூன்றாவது வாரத்தில் தையல் போட்ட தோலுக்கு அதன் பழைய வலுவில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். ஐந்தில் நான்கு பங்கு வர மூன்று மாதம் பிடிக்கும். வெளியே வடு கோடாகத் தெரிவதைப் பார்த்து உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த வாசகி பிறகு எழுதினார். அன்று மாலையே அவரைப் பார்த்த மருத்துவர், வட்டத்தைச் சுற்றிய தையல்களில் சிலவற்றை எடுத்துத் தளர்த்தி, ரத்தக்குழாய்களை விரிக்கும் நைட்ரோகிளிசரின் களிம்பைத் தடவியிருக்கிறார். ஒரு ஓரத்தில் மட்டும் தோலின் மேலடுக்கு கருத்து, பொருக்காகி உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அன்று அவர் சொன்ன உண்மையால்தான் மருத்துவர் அவ்வளவு விரைந்து பார்த்தார் என்பது என் ஊகம்.

கேள்வி: புகை கூடாது என்றால் சரி. கஞ்சா கலந்த கம்மி எனும் ஜெல்லி மிட்டாயோ, மின்சிகரெட் போன்ற வேப்போ எடுத்துக்கொள்ளலாமா? அடுத்த மாதம் எனக்கு இம்பிளான்ட் வைக்கிறார்கள்.
— வாசகி, பிராம்ப்டன், கனடா

பதில்: மிட்டாயில் கார்பன் மோனாக்சைடு இல்லை, இருமலும் இல்லை. காயத்தைப் பொறுத்தவரை அது புகையைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கேட்பது அறுவைக்கு முந்தைய, பிந்தைய நாட்களைப் பற்றி என்பதால் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல மாட்டேன்.

மிட்டாய் வேலைசெய்யத் தொடங்க அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும். "ஒன்றும் தெரியவில்லையே" என்று இன்னொன்றைப் போட்டுக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கனடாவில் ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் டிஎச்சி என்று உச்சவரம்பு வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அறுவைக்குப் பின் கொடுக்கும் டிரமடால், கோடீன் போன்ற வலிமாத்திரைகளோடு இது சேர்ந்தால் உறக்கமும் மந்தமும் கூடும். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும். கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்தால், கையை ஊன்றித் தடுத்துக்கொள்ளத்தான் எவருக்கும் தோன்றும். மார்புத் தசைக்கு அடியில் இம்பிளான்ட் வைத்த முதல் வாரத்தில் அந்த ஊன்றல் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள். தவிர, டிஎச்சி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. மயக்க மருந்துக்கு முன் ஆறு மணி நேரம் திட உணவு கூடாது என்ற விதி, இரைப்பை வழக்கமான வேகத்தில் காலியாகும் என்ற நம்பிக்கையில் வகுத்தது. ஆகவே அறுவைக்கு முந்தைய இரவு "பதற்றம் தணிய" ஒன்று என்பது வேண்டவே வேண்டாம்.

வேப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019-இல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் பாதிக்கப்பட்டு 2,800 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் டிஎச்சி எண்ணெயில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்டே காரணம் எனத் தெரிந்தது. கடையில் முறைப்படி வாங்கியதில் அது இருக்காது என்று வைத்துக்கொண்டாலும், நிகோடின் வேப்பையும் கஞ்சா வேப்பையும் மாற்றி மாற்றிப் பிடிப்பவர்கள் அதிகம். நிகோடின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கும் என்பதால், அது வந்துவிட்டால் முதல் பதிலில் சொன்ன கடைமடைக் கதைதான்.

நெடுநாள் அதிக அளவில் எடுத்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடக்க முடியாத வாந்தியும், வெந்நீரில் நின்றால் மட்டும் அது தணிவதும் ஒரு நோய். 2004-இல் தெற்கு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதை முதன்முதலில் விவரித்தார்கள். முன்பே உங்களுக்கு அப்படி நேர்ந்திருந்தால் மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அறுவைக்குப் பின் வாந்தி எடுப்பது தையலுக்குக் கேடு. வெந்நீரில் மணிக்கணக்கில் நிற்பதோ கட்டுக்கும் ஆகாது, வீக்கத்துக்கும் ஆகாது.

கேள்வி: எனக்கு 26 வயது. மார்பகங்களின் எடையால் பள்ளிக்காலம் முதலே கழுத்துவலி, தோள்பட்டையில் உள்ளாடை வார் பதிந்த பள்ளம். குறைப்பு அறுவைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வார இறுதியில் நண்பர்களோடு கஞ்சா புகைப்பது உண்டு, சிகரெட் தூளோடு கலந்துதான். மருத்துவரிடம் சொன்னால் போலீசுக்குப் போகுமா? அம்மா எப்போதும் என்னோடு அறைக்குள் வருகிறார். சொல்லாமலே ஐந்து வாரம் நிறுத்திவிட்டால் போதாதா?
— வாசகி, சென்னை

பதில்: முதலில் உங்கள் அறுவையைப் பற்றி ஒரு சொல். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகுச் சிகிச்சையை இலவசமாகச் செய்யத் தொடங்கியபோது, "ஏழைக்கு எதற்கு அழகு?" என்ற முணுமுணுப்பு எழுந்தது. தோளில் விழுந்திருக்கும் அந்தப் பள்ளத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அழகுக்காகச் செய்வது என்ற குற்ற உணர்வோடு வருபவர்கள் மற்ற உண்மைகளையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்கள்.

போலீசைப் பற்றி: இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா புகைப்பது குற்றம்தான், ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. ஆனால் சிகிச்சைக்காக நோயாளி சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகளில் உள்ள கடமை. நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகளே அதற்கு உண்டு. புகைத்ததைக் கேட்டுத் தொலைபேசியை எடுத்துக் காவல் நிலையத்தை அழைக்கும் மருத்துவரை நான் இதுவரை கண்டதில்லை. விட முடியாமல் பழகிப்போனவர்கள் தாமாகவே சிகிச்சைக்கு வந்தால், அந்தச் சட்டத்திலேயே அவர்களுக்குப் பாதுகாப்பும் இருக்கிறது.

அம்மாவைப் பற்றி: "உடம்பைப் பரிசோதிக்கும்போது நான் தனியாக இருக்க விரும்புகிறேன்" என்று செவிலியரிடம் மெல்லச் சொல்லுங்கள், அது போதும். மார்பகப் பரிசோதனையில் உடன் ஒரு செவிலியர் இருப்பார் என்பதால் அம்மாவும் மறுக்க மாட்டார். எங்கள் மருத்துவமனையில் செவிலியரே "அம்மா, வெளியே ஒரு படிவம் கையெழுத்துப் போட வேண்டும்" என்று அழைத்துப் போய்விடுவார். அந்தப் படிவம் எதுவென்று இதுவரை எந்த அம்மாவும் என்னிடம் கேட்டதில்லை.

சொல்லாமல் நிறுத்தினால் போதாதா என்பதுதான் உங்கள் கடிதத்தின் முக்கியமான கேள்வி. நிறுத்துவது மிக நல்லது; காயத்தின் பக்கம் பார்த்தால் அதுவே பெரும்பங்கு. உங்கள் விஷயத்தில் கஞ்சாவைவிடக் கூட்டாளியான சிகரெட் தூளே பெரிய பகை. நிகோடின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைக் குறைக்கிறது. நீங்கள் இழுக்கும் ஒரே புகையில் இரண்டும் இருக்கின்றன. "நான் சிகரெட் பிடிப்பவள் அல்ல" என்று உளமாரச் சொல்பவர்களின் சிறுநீரில் கோட்டினின் சோதனை நிகோடின் இருப்பதைக் காட்டிக்கொடுப்பது இதனால்தான்.

அப்படி ஒரு பெண் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். குறைப்பு அறுவையில் நங்கூர வடிவில் தையல் போடுவோம்: வட்டத்தைச் சுற்றி ஒன்று, அங்கிருந்து செங்குத்தாகக் கீழே ஒன்று, மார்பின் அடிமடிப்பில் குறுக்காக ஒன்று. செங்குத்துக் கோடும் குறுக்குக் கோடும் சந்திக்கும் முச்சந்தியில்தான் ரத்த ஓட்டம் மிகக் குறைவு, இழுவை மிக அதிகம். பத்தாவது நாள் கட்டைப் பிரித்தபோது அந்த முச்சந்தி கட்டைவிரல் நகம் அளவுக்குத் திறந்து, உள்ளே மஞ்சளாகக் கொழுப்புத் தெரிந்தது. அறுவைக்கு மறுவாரமே ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் "இரண்டே இழுப்பு" என்று பிறகு சொன்னார். அது மட்டும்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. புகைக்காதவர்களுக்கும் அந்த இடம் திறப்பதுண்டு. ஆனால் ஏழு வாரம் தினமும் காஸ் துணியை நனைத்து அந்தக் குழிக்குள் அடைத்து, மறுநாள் உருவி எடுத்தவர் அவருடைய அக்கா. துணியை உருவும்போது அவர் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவும் இருக்க, நிறுத்திவிட்டாலும் ஏன் சொல்ல வேண்டும்? மயக்க மருந்துக்காக. அடிக்கடி கஞ்சா எடுப்பவர்களுக்கு வழக்கமான அளவு போதாமல் போவதுண்டு. 2019-இல் அமெரிக்காவின் கொலராடோவில், உள்நோக்கி (எண்டோஸ்கோபி) பரிசோதனைக்கு வந்த 250 பேரை ஒப்பிட்டபோது, வழக்கமாகக் கஞ்சா எடுப்பவர்களுக்கு புரொபோஃபால் என்ற மயக்க மருந்து 220 சதவீதம் கூடுதலாகத் தேவைப்பட்டிருந்தது. அறுவைக்குப் பிந்தைய வலியும் அவர்களுக்குக் கூடுதலாகவே இருக்கிறது. தெரிந்திருந்தால் மயக்கவியல் மருத்துவர் அதற்கேற்ப மருந்தை எடுத்துவைப்பார். தெரியாவிட்டால், மேசையில் படுத்திருக்கும் ஒருவர் ஏன் இத்தனை மருந்துக்கும் அசைகிறார் என்று அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியிருக்கும்.

"வாரம் இத்தனை முறை, சிகரெட் தூளோடு, கடைசியாக இன்ன தேதி" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் யாரும் கதை கேட்க மாட்டார்கள். இடையில் ஒரு வார இறுதியில் தவறிவிட்டால் அதையும் சொல்லுங்கள். அறுவையை இரண்டு வாரம் தள்ளிவைப்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. உங்களுக்கு இருக்கும். ஆனாலும் பள்ளிக்காலம் முதல் தாங்கிய சுமைக்கு இன்னும் இரண்டு வாரம் பெரிதல்ல.

கேள்வி: சித்த மருத்துவத்தில் கஞ்சா சேர்த்த லேகியம் இருக்கிறதே, அது புண்ணை ஆற்றாதா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: சித்த மருத்துவத்தில் கஞ்சா சேர்ந்த மருந்துகள் இருப்பது உண்மை. அங்கே அதைச் சுத்தி செய்து, வேறு சரக்குகளோடு அளந்து சேர்த்து, நோயறிந்து கொடுக்கிறார்கள். சுருட்டிக் கொளுத்துவதற்கும் அதற்கும் உறவில்லை. அறுவை முடிந்தவர் அதையும் தாமாகவே சாப்பிடக் கூடாது. மயக்க மருந்தோடும் வலிமாத்திரையோடும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரானால் வார்ஃபரினோடும், கஞ்சாவின் சத்துகள் ஈரலில் மோதிக்கொள்ளும். உங்கள் சித்த மருத்துவரும் உங்கள் அறுவை மருத்துவரும் ஒருவரோடொருவர் ஒரு நிமிடம் பேசிக்கொண்டால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

கேள்வி: மார்பகத்தைத் தூக்கி அமைத்துக்கொண்டு பத்து நாள் ஆகிறது. நான் புகைப்பதில்லை, கணவர் பால்கனியில் நின்று புகைக்கிறார், சில நாள் சிகரெட், சில நாள் மற்றது. கதவைச் சாத்தித்தான் வைக்கிறார். அது போதுமா?
— வாசகி, பெங்களூரு

பதில்: போதாது. பால்கனிக் கதவின் இடுக்கு வழியாக வாசனை உங்களுக்கு வருகிறது என்றால் புகையும் வருகிறது. ஆறு வாரத்துக்கு அவர் கட்டடத்தை விட்டே கீழே இறங்கிப் போய்ப் புகைக்கட்டும். திரும்பி வந்ததும் சட்டையை மாற்றிக் கை கழுவிவிட்டு உங்கள் கட்டைத் தொடட்டும். லிஃப்ட் பழுதாக இருந்தால் இன்னும் நல்லது.